ஊற்றிய தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் வீடியோவை ஷேர் பண்ணுவதும் கூத்து, உதவி அல்ல" என்று எழுதியிருந்தேன். 2014-ல் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்குப் பணம் திரட்ட, ஒரு பக்கெட் ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றி வீடியோ போட்டு, அடுத்தவரையும் ஊற்றச் சொல்லி சவால் விட்டார்களே, அந்த 'ஐஸ் பக்கெட் சேலஞ்ச்' பற்றித்தான். அதற்கு வந்த அளவுக்குக் கடிதங்கள் வேறு எதற்கும் வந்ததில்லை. கோபம், ஆதரவு, சொந்த அனுபவம், எல்லாமே இருந்தது. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதே விஷயம்தான்.

சார், கூத்து என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். ஐஸ் பக்கெட் சேலஞ்சில் உண்மையிலேயே எவ்வளவு பணம் சேர்ந்தது என்று பார்த்தீர்களா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பார்த்தேன் தம்பி, உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னும் நன்றாகப் பார்த்தேன். நான் எழுதியது தப்பு. 2014 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், எட்டு வாரத்துக்குள், அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். அசோசியேஷனுக்கு மட்டும் வந்தது 11.5 கோடி டாலர். உலகம் முழுக்கச் சேர்த்தால் 22 கோடி டாலர் அளவுக்குப் போகிறது. முந்தைய வருஷம் ஆகஸ்டை ஒட்டிய ஒரு மாதத்தில் அந்த அமைப்புக்கு 30 லட்சம் டாலர்கூட வரவில்லை.

வீடியோ பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன நோய் என்றே தெரியாமல் போயிருக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன். மூளையும் தண்டுவடமும் இடும் கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுபோகிற நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் ஏ.எல்.எஸ். முதலில் சட்டைப் பொத்தான் போட வராது, அப்புறம் நடக்க, பேச, விழுங்க முடியாது, கடைசியில் மூச்சை இழுக்கிற தசையும் கைவிட்டுவிடும். பெரும்பாலானவர்களுக்கு நினைவு மட்டும் தெளிவாகவே இருக்கும். நோய் தெரிந்த பிறகு அதிகம் பேருக்குக் கிடைப்பது இரண்டிலிருந்து ஐந்து வருஷம். ஸ்டீபன் ஹாக்கிங் போல ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் மிக மிக அபூர்வம்.

அந்த 11.5 கோடியில் 7.7 கோடி டாலர் ஆராய்ச்சிக்குப் போனது. ஒரு பங்கு 'ப்ராஜெக்ட் மைன்' என்ற மரபணு ஆய்வுக்குப் போய், 11 நாடுகளைச் சேர்ந்த 80-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் என்.இ.கே.1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 2016-ல் வெளியிட்டார்கள். இன்னொரு 22 லட்சம் டாலர் ஒரு மருந்தின் சோதனைக்குப் போனது. அந்த மருந்துக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் 2024-ல் பெரிய அளவில் சோதித்தபோது பலன் தெரியவில்லை, தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்படியானால் அந்தப் பணம் வீணா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பலிக்காத மருந்து எது என்று தெரிந்துகொள்வதற்கும் யாராவது பணம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

என் சந்தேகம் இன்னும் ஒரு இடத்தில் நிற்கிறது. இத்தனை ஆயிரம் சேலஞ்ச் வந்து போனதில் இது மட்டும் ஏன் பலித்தது? நோயாளிகளே முன்னால் நின்றார்கள். பாஸ்டன் பக்கத்து பேஸ்பால் வீரர் பீட் ஃப்ரேட்ஸ், நியூயார்க் மாநிலத்தின் பாட் க்வின், இவர்கள் இருவரும் நோய் வந்த உடம்போடுதான் அந்த சேலஞ்சை ஊர் ஊராகப் பரப்பினார்கள். ஃப்ரேட்ஸ் 2019-ல் 34 வயதில் போய்விட்டார், க்வின் 2020-ல் 37 வயதில். அப்புறம், பணத்தை வாங்கிச் செலவு செய்யத் தெரிந்த ஒரு அமைப்பு 1985-லிருந்தே இருந்தது. எந்த ஆய்வுக்குப் பணம் தேவை என்று அவர்களுக்கு முன்பே தெரியும். மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது, ஏரியைத் தூர்வாரி மதகைச் சரிபண்ணி வைத்திருந்த ஊரில்தான் தண்ணீர் நிற்கிறது. அடுத்த வருஷமும் அதே சேலஞ்சை நடத்திப் பார்த்தார்கள். முதல் வருஷத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரே ஒரு மழைதான். அது பெய்த நேரத்தில் ஏரி தயாராக இருந்தது.

தண்ணீரே இல்லாத ஊர்களில் பக்கெட் பக்கெட்டாகக் கொட்டியது சரியா?
(வாசகி, ராமநாதபுரம்)

சரியில்லை, உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். அதே 2014 ஆகஸ்டில் ஐதராபாத் பத்திரிகையாளர் மஞ்சுலதா கலாநிதி இதைக் கேட்டுத்தான் 'ரைஸ் பக்கெட் சேலஞ்ச்' தொடங்கினார். ஒரு பக்கெட் அரிசியோ சோறோ பக்கத்தில் இருக்கிற ஒருவருக்குக் கொடு, படம் எடுத்துப் போடு, அவ்வளவுதான். நம் ஊருக்குப் பொருத்தமாக மாற்றிய விதம் எனக்குப் பிடித்திருந்தது.

லைக் போடுகிறவர், ஷேர் பண்ணுகிறவர், இவர்களெல்லாம் அப்புறம் பணமும் கொடுப்பார்கள் என்று நம்பலாமா?
(வங்கி ஊழியர், கும்பகோணம்)

எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சூடானின் டார்ஃபூர் மக்களுக்காக ஃபேஸ்புக்கில் நடந்த ஒரு பிரசாரத்தில் சுமார் 12 லட்சம் பேர் உறுப்பினரானார்கள். அவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு மேல் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை. வேறு ஒருவரையும் சேர்க்காதவர்களே பத்தில் ஏழு பேர்.

இன்னொரு ஆய்வு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக்காரர்கள் செய்தது, 2014-ல் வெளியானது. போரில் இறந்த வீரர்கள் நினைவாக அங்கே சிவப்புப் பாப்பிப் பூ அணிவார்கள். சிலருக்கு அதைச் சட்டையில் குத்திவிட்டார்கள், சிலருக்கு உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போனதும் நன்கொடை கேட்டபோது, பூவை யாருக்கும் தெரியாமல் உறையில் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். நாலு பேர் பார்க்க ஆதரவு காட்டியதும் மனசு 'நம் பங்கு முடிந்தது' என்று எடுத்துக்கொள்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் ஷேர் பண்ணிவிட்டு நிம்மதியாகப் படுத்தவன்தான். அதனால் இப்போது பணம் அனுப்பிய பிறகுதான் ஷேர் பண்ணுவது என்று வைத்திருக்கிறேன், பத்து ரூபாயானாலும்.

ஐயா, சுனாமி வந்தபோது எங்கள் ஊருக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கட்ட முடியாத துணி. ரோட்டோரம் மலையாகக் கிடந்து மழையில் நனைந்து நாறியது. இப்போது வைரல் வீடியோ ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அந்தத் துணிதான் ஞாபகம் வருகிறது.
(ஆசிரியை, நாகப்பட்டினம்)

அம்மா, அப்படி வந்த லாரி ஒன்றில் நானும் வந்தேன். 2005 ஜனவரி முதல் வாரம். எங்கள் தெருவில் மூன்று நாள் வீடு வீடாக வாங்கிய துணி. நாகூர் தாண்டி சாலையோரத்தில் அந்தக் குவியலைப் பார்த்ததும்தான் நாங்கள் கொண்டுபோவதும் அதன்மேல்தான் விழப்போகிறது என்று புரிந்தது. அங்கே ஒரு மீனவப் பெண்மணி எங்களிடம் கேட்டது பாத்திரம், சோறாக்க ஒரே ஒரு பாத்திரம். எங்கள் லாரியில் ஒன்றுகூட இல்லை. கிளம்பும் முன் நாகையில் யாரையாவது கூப்பிட்டு "என்ன வேண்டும்" என்று கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை.

நீங்கள் சொன்ன அதே கதை இணையத்தில் பெரிய அளவில் நடந்தது, 2012 மார்ச்சில். ஜோசப் கோனி என்பவன் உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திச் சிப்பாய் ஆக்கியவன். அவனைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்க அமைப்பு ஒன்று அரைமணி நேர வீடியோ போட்டது, ஆறு நாளில் 10 கோடிப் பார்வை. ஆனால் அப்போது கோனி உகாண்டாவை விட்டு வெளியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவனால் உண்மையிலேயே பாதிக்கப்பட்ட வடக்கு உகாண்டாவின் லிரா நகரத்தில் அந்த வீடியோவைத் திரையிட்டார்கள். பார்த்த ஜனங்கள் கோபத்தில் கல்லெறிந்தார்கள். கையையும் காலையும் பிள்ளையையும் இழந்தவர்கள் அவர்கள். அவர்கள் வாழ்க்கைக்கு என்ன தேவை என்று அதில் ஒன்றும் இல்லை, தங்களை அழித்தவனுடைய பெயரைப் போஸ்டரிலும் கைவளையத்திலும் போட்டுப் பிரபலமாக்கச் சொல்லியது அந்த வீடியோ. ஏப்ரல் 20 இரவு உலகம் முழுக்கப் போஸ்டர் ஒட்டுவோம் என்று அறிவித்திருந்தார்கள், பல நகரங்களில் விரல்விட்டு எண்ணும்படிதான் ஆள் வந்தது. அவனைத் தேடப் போன அமெரிக்கப் படை 2017-ல் தேடுதலை முடித்துக்கொண்டது. கோனி பிடிபடவே இல்லை.

எதிர்பாராமல் நல்லபடியாக முடிந்த உதாரணம் ஏதாவது உண்டா?
(வாசகர், புதுச்சேரி)

2014 மார்ச்சில் பிரிட்டனில் பெண்கள் மேக்கப் இல்லாத செல்ஃபி போட ஆரம்பித்தார்கள், புற்றுநோய் விழிப்புணர்வுக்காம். இதனால் என்ன ஆகிவிடும் என்று நிறையப் பேர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அந்த அலையை 'கேன்சர் ரிசர்ச் யு.கே.' அமைப்பு தொடங்கவில்லை, ஆனால் பார்த்த உடனே பணம் அனுப்ப வேண்டிய எஸ்.எம்.எஸ். எண்ணை எழுதிப் போட்டது. ஆறே நாளில் 80 லட்சம் பவுண்டு, அதை வைத்துப் பத்து மருத்துவச் சோதனைகள். அதில் கொஞ்சம் பேர் ஒரே ஒரு எழுத்தை மாற்றித் தட்டியதால், எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்ப வேண்டிய 'பீட்' (BEAT) என்ற வார்த்தை 'பேர்' (BEAR, கரடி) ஆகி, துருவக்கரடியைத் தத்தெடுக்கும் திட்டத்துக்குப் போய்விட்டார்கள்! செல்ஃபி அதே செல்ஃபிதான். எண் வந்த பிறகுதான் பணம் வந்தது.

16 கோடி ரூபாய் ஊசி வேண்டும் என்று ஒரு குழந்தையின் வீடியோ வந்தது. என் சேமிப்பிலிருந்து 500 ரூபாய் அனுப்பினேன். என் வீட்டுக்காரர் "கடலில் கரைத்த பெருங்காயம்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
(இல்லத்தரசி, சேலம்)

இல்லை அம்மா. அந்த 500 ரூபாயை 16 கோடியால் வகுத்துப் பார்க்காதீர்கள். எஸ்.எம்.ஏ. என்ற அந்தத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஜோல்ஜென்ஸ்மா ஊசிக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. விலை 21 லட்சம் டாலர். பிறந்தநாள் நெருங்க நெருங்கப் பெற்றவர்கள் படுகிற பாடு சொல்லி மாளாது. நம் நாட்டில் சில குழந்தைகளுக்கு அந்த ஊசி கிடைத்ததே உங்களைப் போல 500-ம் 100-ம் போட்ட லட்சக்கணக்கானவர்களால்தான்.

ஆனால் எனக்கு இதில் ஒரு வேதனை உண்டு. வீடியோ பரவிய குழந்தைக்கு ஊசி, பரவாத குழந்தைக்கு இல்லை. நல்ல போன் இல்லாத, பேசத் தெரியாத, படம் எடுக்கக் கூச்சப்படுகிற அப்பா அம்மாவுக்குப் பிறந்த பிள்ளையை யார் பார்ப்பது? எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்று போனுக்குள் ஓடுகிற ஒரு கணக்கு, எந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதற்கு வேறு வழியில் போராடியவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி வீடியோ வருவது குறைவு. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தது. அதன்படி குறிப்பிட்ட மருத்துவமனைகளில் நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் கொள்கையில் வரும் நோய்களுக்குச் சொந்த உபயோகத்துக்காக வரவழைக்கும் மருந்துக்குச் சுங்க வரி இல்லை. அப்புறம் ரிஸ்டிப்ளாம். இதே நோய்க்கு வாயால் கொடுக்கிற மருந்து, ரோஷ் நிறுவனத்துடையது, ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாயாக இருந்தது. ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதைத் தயாரிக்க முன்வந்தபோது காப்புரிமை வழக்கு வந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்தது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை 15,900 ரூபாய். ஆறு லட்சம் எங்கே, இது எங்கே! வீடியோவே வராத குழந்தைக்கும் இந்த விலைதான்.

ஆகவே 500 ரூபாய் அனுப்பியது நல்லது. அடுத்த முறை உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதமும் போடுங்கள், அந்த 50 லட்சம் எத்தனை பேருக்குக் கையில் கிடைத்திருக்கிறது என்று கேட்டு.

போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தென்காசி)

கணக்கு யார் பெயரில் என்று முதலில் பாருங்கள், மருத்துவமனை பெயரில் இருந்தால் நல்லது. சிகிச்சைச் செலவுக் கடிதம் போட்டிருந்தால் அதில் இருக்கும் எண்ணை நம்பாமல், மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள். தேதி இல்லாத வாட்ஸ்அப் செய்தி என்றால் அனுப்பவே வேண்டாம்; சிகிச்சை முடிந்து பல வருஷமான குழந்தையின் படமெல்லாம் இன்னும் சுற்றுகிறது. அமைப்பு என்றால் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தருகிற ரசீது (80ஜி என்பார்கள்) கேளுங்கள். சில தளங்களில் பணம் கட்டும்போது 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும், அது தளத்துக்குப் போவது, விருப்பம் இல்லையென்றால் பூஜ்யமாக மாற்றிக்கொள்ளலாம்.

என் கணவருக்கு ஏ.எல்.எஸ். என்று எட்டு மாதத்துக்கு முன் சொன்னார்கள். வலது கை வேலை செய்யவில்லை, பேச்சு லேசாகக் குழறுகிறது. உலகமே தண்ணீர் ஊற்றிக்கொண்டதே, அதில் எங்களுக்கு என்று ஏதாவது வந்ததா?
(வாசகி, ஈரோடு)

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன் சகோதரி. குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ரிலுசோல் மாத்திரை நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அதை ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். 2023-ல் டோஃபர்சன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும்தான், நூறு நோயாளிகளில் இரண்டு பேர் அளவுக்கு. உங்கள் கணவர் குடும்பத்தில் முன்பு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்து வேண்டுமென்றால் மூளை, நரம்பு நோய்களுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை உங்களுக்குப் போய்வரக்கூடிய தூரம்தான்.

மூச்சுப் பரிசோதனையையும் விழுங்கும் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள், திணறல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவையுங்கள்.

அப்புறம், பேச்சு குழற ஆரம்பித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று ராத்திரியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். உங்கள் பெயர், பிள்ளைகள் பெயர், 'தண்ணி வேணும்', 'கொஞ்சம் திருப்பிப் படுக்க வை', 'சாப்பிட்டியா' என்று அவர் தினமும் சொல்கிற வார்த்தைகளைத் தனித்தனியாக. பின்னால் அவரால் பேச முடியாத நாளில் போனைத் தொட்டால் அவர் குரலிலேயே உங்களைக் கூப்பிடலாம்.