பாடலைத் தொடாமல் கைடை மட்டும் படித்தால் நிற்காது

மூன்றாம் ஆண்டு பி.ஏ. தமிழ், சங்க இலக்கியத் தாள், கைடை இரண்டு தடவை புரட்டியும் எதுவும் மனதில் தங்கவில்லை என்கிறீர்கள். தங்காது தம்பி. பாடலையே பார்க்காமல் அதன் விளக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் யாருக்கும் தங்காது. கைடு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதைக் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

குறுந்தொகை 40ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். ஐந்தே அடி. முதலில் வாய்விட்டுப் படியுங்கள், சொற்களைப் பிரித்து எழுதுங்கள், அப்புறம் யார் சொல்வது, யாரிடம், எந்த நேரத்தில் என்று பாருங்கள். கூடிய பிறகு இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் சொல்வது. அதைப் புரிந்துகொண்டு படித்தால், இருவர் நெஞ்சமும் கலந்ததற்குச் செம்மண்ணில் பெய்த மழைநீர் ஏன் உவமையாக வருகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உவமையால்தான் புலவருக்கே செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வந்தது, இது இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆயிற்று.

இதோடு 3ஆம் பாடலையும் பக்கத்தில் வையுங்கள், தேவகுலத்தார் பாடியது. இரண்டுமே குறிஞ்சித் திணை, அதாவது மலையும் காதலர் கூடலும் சேர்ந்த பிரிவு. ஆனால் 3இல் குறிஞ்சிப் பூவும் தேனும் வந்து திணையைக் காட்டிக்கொடுக்கின்றன, 40இல் அப்படி எதுவும் இல்லை, செம்மண்ணும் மழையும் எந்த நிலத்திலும் இருக்கும். அப்படியானால் எதை வைத்து அது குறிஞ்சி? புணர்தல் என்ற உரிப்பொருளை, அதாவது பாடல் பேசும் காதல் நிலையை வைத்துத்தான். முதல் (நிலமும் பொழுதும்), கரு (அந்நிலத்தின் பூ, விலங்கு போன்றவை), உரி என்ற மூன்றும் பாடலுக்குள் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் சொல்வதை இந்த இடத்தில் சேர்த்து எழுதிப் பாருங்கள், பத்து மதிப்பெண் விடைக்கு இதுவே நடு எலும்பு. கைடில் இருக்கும் பொது வரிகளையே எல்லோரும் எழுதும்போது, பாடலில் இருந்து பேசும் விடை திருத்துபவர் கண்ணில் உடனே படும்.

இலக்கணத் தாளுக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை. இலக்கண விதியைச் சொல்லும் நூற்பாவை எழுதி, அதற்கு நீங்களே ஓர் எடுத்துக்காட்டு கண்டுபிடியுங்கள், போதும்.

நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. நூலகத்தில் உங்கள் கல்லூரியின் பழைய வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் 75 மதிப்பெண், மூன்று மணி நேரம், இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று என்று வரும். சிறு வினாக்களுக்கு 30 நிமிடம், ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு ஒரு மணி நேரம், பெரிய விடை ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் என்று பிரித்தால் திருப்பிப் படிக்கக் கால்மணி நேரம் மிஞ்சும். வீட்டில் கடிகாரத்தை வைத்து ஒருமுறையாவது எழுதிப் பார்க்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

தமிழ் படித்து என்ன வேலை என்று அப்பா கேட்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயமான கவலைதான், அவரிடம் கோபப்படாதீர்கள். எம்.ஏ. முடித்து, கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்காக எழுதும் நெட் தேர்வில் பாடத்துக்கான இரண்டாம் தாளுக்கு மட்டும் 100 கேள்வி, 200 மதிப்பெண், பள்ளிகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வும் இருக்கிறது. இரண்டிலும் இதே நூல்களில் இருந்துதான் கேட்கிறார்கள், இப்போது பாடலாகப் படித்ததை அப்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

நூல் வாங்கப் பணமில்லை என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் சங்க நூல்கள் உரையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வாரம் ஐந்து பாடல்களை முடித்து, பத்து மதிப்பெண் விடை ஒன்றை முழுதாக எழுதி உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள். எங்கே மதிப்பெண் குறைக்கிறார் என்று கேட்டுவிட்டு அடுத்த விடையை எழுதுங்கள்.