வாசகர் கேள்வி–பதில்: உடனிருந்தவர் சொன்னால் நம்பலாமா?

கேள்வி: ஓர் இசைக்கலைஞரின் சுயசரிதையையும், அவரைப் பற்றி ஆய்வாளர் ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். பிறந்த ஆண்டு முதற்கொண்டு இரண்டும் முரண்படுகின்றன. இவர்களில் யாரை நம்புவது?

பதில்: பிறந்த ஆண்டு, திருமணம், கடன், வழக்கு எனப் பதிவேட்டில் ஏறும் செய்திகளுக்கு ஆய்வாளரை நம்புங்கள். அந்த நாள்களில் மனத்தில் என்ன ஓடியது என்பதற்குக் கலைஞரிடமே செல்லுங்கள். மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃப்ரீடா காலோ 1907இல் பிறந்தவர். ஆனால் தாம் பிறந்தது 1910 என்றே சொல்லிவந்தார். மெக்சிகோ புரட்சி தொடங்கிய ஆண்டு அது. அந்தப் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும் நூலைவிட, தம் பிறப்பை நாட்டின் எழுச்சியோடு சேர்த்துவைக்க விரும்பிய ஒரு பெண்ணை அந்தப் பிழைக்குள்ளேயே கண்டுகொள்ளும் நூலை நான் மேலாக மதிக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு: உடனிருந்து பார்த்தவர். எனக்கு அதிகக் கவலை தருபவர் அவரே. காது கேளாமல் போன பின் ஜெர்மன் இசையமைப்பாளர் பீத்தோவனைக் காண வந்தவர்கள், சொல்ல வேண்டியதைக் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினார்கள். அவர் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொன்னார். ஆகவே இன்று எஞ்சியுள்ள ஏறத்தாழ 140 ஏடுகளில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒருபக்கப் பேச்சுதான். அவருக்குச் செயலாளர்போல் இருந்த ஆன்டன் ஷிண்ட்லர், 1827இல் பீத்தோவன் மறைந்த பின் அந்த ஏடுகளைத் தம்வசம் வைத்திருந்தார்; 1840இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். பின்வந்தவர்கள் பலர் அதைச் சான்றாகக் கொண்டு எழுதினார்கள். 1970களில் பெர்லின் ஆய்வாளர்கள் ஏடுகளை வரிவரியாகச் சோதித்தபோது, ஷிண்ட்லர் பேசியதாக உள்ள பல வரிகள், பீத்தோவன் இறந்த பிறகு அவரே ஏட்டில் காலியாகக் கிடந்த இடங்களில் எழுதிச் சேர்த்தவை என்று தெரியவந்தது. பழகிய காலத்தை நீட்டிக் காட்டவும், அந்த இசைக்குத் தாம் சொன்ன விளக்கங்களுக்குப் பீத்தோவனையே சாட்சியாக்கவும் அவை அவருக்குப் பயன்பட்டன. மறுத்துப் பேச முடியாத ஒருவரின் ஏட்டில் இப்படிக் கைவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செவிவழிக் கதைகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. இத்தாலியக் கலைஞர்களின் வரலாற்றை 1550இல் வெளியிட்ட வசாரி, ஆன்ட்ரேயா தெல் கஸ்தானோ என்ற ஓவியர் பொறாமையால் தொமெனிகோ வெனிசியானோ என்ற ஓவியரைக் கொன்றுவிட்டதாக எழுதினார். கொன்றவராகச் சொல்லப்பட்டவர் இறந்தது 1457இல். கொலையுண்டவராகச் சொல்லப்பட்டவரோ 1461 வரை உயிரோடு இருந்தார். ஆனாலும் பல நூற்றாண்டுகள் அந்தப் பழியை நிரபராதி ஒருவர் சுமந்தார்.

உடனிருந்தவர் எழுதினாலே இப்படித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றை எழுதிய உ.வே.சாமிநாதையர், தாம் அவரிடம் இசை கற்றதையும், தம் தமிழாசிரியருக்கு அது உவப்பாக இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டதையும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். தமக்குப் பெருமை தராத ஒன்றையும் சொல்லத் துணிகிறவரின் மற்றச் சொற்களையும் நான் நம்பிக்கையோடு படிப்பேன்.

கேள்வி: கலைஞர்களின் அந்தரங்கக் கடிதங்களை நூலாக்குவது முறையா? படிக்கும்போது மனம் கூசுகிறது.

பதில்: அந்தக் கூச்சம் நல்லது, அதை இழந்துவிடாதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸும் அவருடைய தோழியான பியானோ கலைஞர் கிளாரா ஷூமனும் முதிய வயதில் தங்கள் கடிதங்களைத் திருப்பித் தந்துகொண்டு, அவற்றில் பலவற்றை அழித்தார்கள். அது அவர்களுடைய உரிமை. அழிந்த கடிதங்களில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து அத்தியாயங்களை நிரப்பும் நூல்களை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

இதற்கு மறுபுறம் நிற்பவர் யோ வான் கோ-போங்கர். ஓவியர் வின்சென்ட் வான் கோ 1890 ஜூலையில் இறந்தார். ஆறே மாதத்தில் தம்பி தியோவும் இறந்தார். தியோவின் மனைவி யோவிடம் கைக்குழந்தையும், விலைபோகாத ஓவியங்களும், கட்டுக்கட்டாகக் கடிதங்களும் மிஞ்சின. அவர் நினைத்திருந்தால் உடனே கடிதங்களை அச்சிட்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கலாம். ஆனால், உயிரைக் கொடுத்துச் செய்த வேலை உரிய மதிப்பைப் பெறும் முன் அந்த மனிதர்மீது ஆர்வத்தைக் கிளப்புவது இறந்தவருக்குச் செய்யும் அநீதி என்று கருதி, ஆண்டுக்கணக்காக ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கடிதத் தொகுதிகள் வந்தது 1914இல்தான். எந்த நூலையும் அந்தப் பெண்மணியின் அளவுகோலால்தான் நான் அளக்கிறேன்.

கேள்வி: இவ்வகை நூல்களை இதுவரை படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: வின்சென்ட்டின் கடிதங்களிலிருந்தே தொடங்குங்கள். அவர் எழுதியவற்றுள் 800க்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. பெரும்பாலானவை தம்பிக்கு எழுதியவை. முழுவதையும் படிக்கப் பொறுமை இல்லையென்றால், 1888 அக்டோபரில் ஆர்ல் நகரிலிருந்து தம் படுக்கையறை ஓவியத்தைப் பற்றி எழுதியதை மட்டுமாவது படியுங்கள். கடிதத்திலேயே அறையை வரைந்து காட்டிவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் நிறம் சொல்லிக்கொண்டு போகிறார்: கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள், போர்வை பளிச்சென்ற சிவப்பு, சன்னல் பச்சை, முகம் கழுவும் கிண்ணம் நீலம், சுவர்கள் வெளிர் ஊதா.

படித்த கையோடு ஓவியத்தைப் பாருங்கள். சுவர்கள் நீலமாகத் தெரியும். ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு வெளுத்துப்போய்விட்டது. அவர் பார்த்த ஊதாவை நாம் அந்தக் கடிதத்தில் வாசிக்கிறோம்.