மழைக்காலத்தில் சாக்கடைக் குழாய்க்குள் ஊற்று: சிமெண்ட் பூச்சு ஏன் நிற்பதில்லை?

ஒரு குடியிருப்பு வளாகத்தின் பராமரிப்பைக் கவனித்துவரும் வாசகர் கேட்டிருக்கிறார்:

“எங்கள் வளாகத்தின் கழிவுநீர் 300 மி.மீ. கான்கிரீட் குழாயில் சுமார் 60 மீட்டர் ஓடி பம்ப் தொட்டியில் விழுகிறது. வழியில் மூன்று மேன்ஹோல்கள். குழாய் போட்டு இருபது வருடம் ஆகிறது. மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க பம்ப் ஓடுகிறது. வருவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீர். இரண்டாவது மேன்ஹோலுக்குள் குழாய் நுழையும் இடத்தைச் சுற்றித் தண்ணீர் பீறிடுகிறது. இரண்டு முறை சிமெண்ட் பூசினோம், இரண்டும் சில மாதங்களில் பெயர்ந்து விழுந்துவிட்டன. அந்த மேன்ஹோல் பக்கத்தில் தரை லேசாக உள்வாங்கியிருக்கிறது. ஒருவர் எபாக்ஸி அடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் தோண்டி மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?”

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த உள்வாங்கிய தரைதான். வெளியிலிருந்து குழாய்க்குள் வரும் நிலத்தடி நீர் தனியாக வருவதில்லை, மணலையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வருகிறது. மண் போன இடத்தில் பொந்து விழுகிறது. மேலே தரை கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் இன்றைக்கே கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். சரிசெய்து முடிக்கும்வரை வண்டி எதுவும் அதன்மேல் போகக் கூடாது.

சரி, பூச்சு ஏன் விழுந்தது? கொத்தனார் மேல் குறை சொல்லத் தோன்றும், ஆனால் நல்ல கொத்தனார் பூசியிருந்தாலும் விழுந்திருக்கும். நிலத்தடி நீர் குழாய்க்கு மேலே 3 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று வையுங்கள். அது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 டன் அழுத்தம். நீங்கள் பூசியது உள்பக்கத்தில், தண்ணீர் தள்ளுவது பின்பக்கத்திலிருந்து. பூச்சை அது சுவரோடு சேர்த்து அழுத்தவில்லை, சுவரிலிருந்து பிய்த்துத் தள்ளுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. மேன்ஹோல் ஒரு கனமான பெட்டி, குழாய் நீளமான மெல்லிய பொருள். இரண்டும் ஒரே அளவில் மண்ணில் இறங்குவதில்லை. ஆகவே அவை சேரும் இடம் எப்போதும் கொஞ்சம் அசையும். அசையும் மூட்டில் விறைப்பான சிமெண்டை வைத்தால் அது வெடித்தே தீரும். எபாக்ஸி என்ற பிசின் பூச்சுக்கும் இதே கதிதான். காய்ந்த, கெட்டியான கான்கிரீட்டில் அது அருமையான பொருள். நீர் ஒழுகும் பரப்பில் சாதாரண எபாக்ஸி பிடிக்காது. ஈரத்திலும் ஒட்டும் வகையை அடித்தால்கூடப் பின்னாலிருந்து வரும் அழுத்தம் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். “ஐந்து நிமிட வேலைதானே” என்று யாரையும் மேன்ஹோலுக்குள் இறக்கிவிடாதீர்கள். அங்கே சேரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பாதீர்கள். 100 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சில நூறு பி.பி.எம். ஆனால் ஆள் சுருண்டு விழுவார். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் இறந்துபோகும் கொடுமை திரும்பத் திரும்ப நடக்கிறது. வாயுமானி, காற்று ஊதி, ஆளை மேலே தூக்க உதவும் முக்காலி, இடுப்பு-தோள் பட்டை, மேலே நின்று கவனிக்கும் ஆள் இவற்றோடு வரும் பயிற்சி பெற்ற குழுவிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தாலே இறங்கக் கூடாது. நல்லவேளையாக, நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகளில் பெரும்பாலானவற்றைத் தரையில் நின்றபடியே செய்துவிடலாம்.

முதலில், வருவது கசிவுதானா என்று பாருங்கள். மழை தொடங்கிய சில நிமிடங்களில் ஓட்டம் எகிறி, மழை விட்டதும் குறைந்துவிட்டால், மொட்டைமாடி நீர்க்குழாயை யாரோ சாக்கடையில் இணைத்திருக்கலாம், அல்லது மேன்ஹோல் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கலாம். அதற்குக் குழாயைத் தொடவே தேவையில்லை. குழாய்க்குள் புகை செலுத்தினால் தவறான இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே புகை கிளம்பிக் காட்டிக்கொடுக்கும். மழை விட்டுப் பல நாள் கழித்தும் ராத்திரியில் ஓட்டம் குறையாவிட்டால் அது நிலத்தடி நீர். உங்கள் விவரிப்பு இந்த இரண்டாவது வகையைப் போலத்தான் இருக்கிறது.

அப்புறம் அளந்துவிடுங்கள். விடியற்காலை 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் வீடுகளிலிருந்து வரும் தண்ணீர் மிகக் குறைவு. அந்நேரத்தில் பம்பை அரை மணி நேரம் நிறுத்தி, தொட்டியில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். தொட்டி 2 மீட்டருக்கு 2 மீட்டர், மட்டம் 15 செ.மீ. ஏறியது என்றால் 600 லிட்டர் வந்திருக்கிறது. ஒரு நாளைக்கு 28,800 லிட்டர். இதே அளவை வறண்ட வாரத்திலும் எடுத்துக் கழித்துப் பார்த்தால் கசிவு எவ்வளவு என்று கையில் ஓர் எண் இருக்கும். அதே ராத்திரியில் மேலிருந்தே டார்ச் அடித்து ஒவ்வொரு மேன்ஹோலிலும் ஓட்டத்தைப் பாருங்கள். எந்த இரண்டு மேன்ஹோலுக்கு நடுவில் தெளிந்த நீர் கூடுகிறதோ அந்தத் துண்டில் குழாய்க் கேமராவை அனுப்பச் சொல்லுங்கள். கேமராவை மழைக்காலத்திலேயே அனுப்ப வேண்டும். கோடையில் ஒழுகும் ஜாயின்ட்டும் ஒழுகாத ஜாயின்ட்டும் ஒன்றுபோலவே தெரியும். சரிசெய்யும் வேலையை மட்டம் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேன்ஹோல் மூட்டை இப்படிச் செய்யச் சொல்வேன். மேல்புறக் குழாயை அடைத்து, கழிவுநீரைப் பம்ப் வைத்து மாற்றிவிட வேண்டும். பழைய பூச்சு துளிகூட இல்லாமல் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, குழாயைச் சுற்றி 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்ட வேண்டும். காடி உள்ளே அகன்றும் வாயில் குறுகியும் இருந்தால் அடைப்பு பிடித்து நிற்கும். ‘வி’ வடிவில் வெட்டினால் தண்ணீர் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும். தண்ணீர் அதிகம் வரும் இடத்தில் ஒரு சிறு குழலைச் செருகி அதன் வழியே ஓட விடுங்கள். அழுத்தத்துக்கு ஒரு வழி கொடுத்துவிட்டுத்தான் மற்ற இடத்தை மூட வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் இறுகும் நீர்தடுப்புச் சிமெண்டை, கையுறை போட்ட கையில் உருட்டி, சூடு ஏறத் தொடங்கும்போது காடியில் வைத்து, இறுகும்வரை கையெடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலிருந்து இரு பக்கமாகக் கீழே வர வேண்டும்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் இது வெறும் கதவுதான். உண்மையான தடுப்பு சுவருக்கு வெளியே மண்ணில் உருவாக வேண்டும். குழாயைச் சுற்றி மேன்ஹோல் சுவரில் துளையிட்டு, நீர் பட்டால் பொங்கி இறுகும் பாலியூரித்தேன் கிரவுட்டை (திரவமாகச் செலுத்தி இடைவெளியை அடைக்கும் பொருள்) பின்பக்க மண்ணுக்குள் செலுத்த வேண்டும், கீழிருந்து மேலாக. கடைசியில் அந்தச் சிறு குழல் வழியாகவும் செலுத்தி அதை மூடிவிடலாம். இறுகிய கிரவுட் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், மூட்டு அசைந்தாலும் சேர்ந்து அசையும். இதில் இரண்டு வகை உண்டு: நீரை உறிஞ்சி உப்பும் வகை, நீரை விலக்கும் வகை. உங்கள் இடத்தில் நிலத்தடி நீர் ஏறி இறங்குகிறது. முதல் வகை கோடையில் காய்ந்து சுருங்கி, அடுத்த மழையில் மறுபடி வழிவிடும். ஆகவே நீரை விலக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளியே பொந்து பெரிதாக இருந்தால் முதலில் சிமெண்டும் பென்டனைட் என்ற களிமண்ணும் சேர்ந்த கலவையால் நிரப்பிவிடுவது நல்லது. அக்ரிலமைடு கிரவுட்டைப் பரிந்துரைத்தால் யோசியுங்கள். இறுகிய பிறகு தொந்தரவில்லை. இறுகாமல் மண்ணில் கலந்தால் அது நரம்பு நஞ்சு. சுவீடனின் ஹாலண்ட்சோஸ் சுரங்கப் பணியில் 1997-ல் அப்படிக் கசிந்து மீன்களும் மாடுகளும் பாதிக்கப்பட்டு வேலையே நின்றுபோனது. பக்கத்தில் கிணறு இருந்தால் அது வேண்டவே வேண்டாம்.

இந்த ஒரு மூட்டை அடைத்ததும் கதை முடியாது. வெளியேற வழி இல்லாத நிலத்தடி நீர் குழாயை ஒட்டியே மட்டம் ஏறி, இதுவரை ஒழுகாமலிருந்த பக்கத்து ஜாயின்ட்டில் தலைகாட்டும். அதனால்தான் ஒரு துண்டை எடுத்தால் மேன்ஹோலிலிருந்து மேன்ஹோல் வரை முழுவதையும் பார்க்கச் சொல்கிறேன். 300 மி.மீ. குழாயில் ஆள் போக முடியாது, போகவும் வேண்டாம். காற்றில் உப்பும் உருளையைக் கேமராவோடு உள்ளே இழுத்துச் சென்று ஒவ்வொரு ஜாயின்ட்டையும் அழுத்திச் சோதித்து, ஒழுகுவதற்கு மட்டும் கிரவுட் ஏற்றலாம். ஒன்றிரண்டு ஜாயின்ட் மட்டும் உடைந்திருந்தால் ரெசின் என்ற இறுகும் பிசினில் ஊறிய கண்ணாடியிழைத் துண்டை உள்ளே ஒட்டவைக்கலாம். பாதிக்கு மேல் மோசமென்றால் முழு நீளத்துக்கும் உள்ளுறை போடுவதே மேல். ரெசினில் ஊறிய குழலை உள்ளே செலுத்தி, வெந்நீராலோ நீராவியாலோ புற ஊதா ஒளியாலோ இறுகச் செய்யும் இந்த முறையை எரிக் வுட் என்ற பொறியாளர் 1971-ல் லண்டனில் ஒரு பழைய செங்கல் சாக்கடையில் முதன்முதலாகச் செய்துகாட்டினார். உறை போடுமுன் பீறிடும் கசிவுகளை அடைக்க வேண்டும், போட்ட பின் வீட்டு இணைப்புகளின் வாயை உள்ளிருந்தே வெட்டித் திறக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

கேமரா உள்ளே போகும்போது குழாயின் உச்சியைக் கவனிக்கச் சொல்லுங்கள். தேங்கிய கழிவில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மேலே ஈரமான கான்கிரீட்டில் படிய, அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. மெல்போர்னில் பார்க்கர் என்ற ஆய்வாளர் 1945-ல் இதைக் கண்டறிந்தார். அமிலம் தின்ற கான்கிரீட் ஈரமாவு போல உதிரும். இந்த அரிப்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் நடக்கும், ஆகவே அடிப்பாகம் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேன்ஹோல் சுவரில் திருப்புளியால் சுரண்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். கம்பி வெளியே தெரிந்தால் கிரவுட் வேலை வீண், உறைதான் வழி. அதே சமயம், மயிரிழை விரிசலைக் கண்டு பயப்பட வேண்டாம். 0.2 மி.மீ.க்குக் குறைந்தவை ஈரத்தில் சுண்ணாம்பு படிந்து பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும்.

தோண்டுவது எப்போது? குழாய் நசுங்கியிருந்தால், நடுவில் தொய்ந்து கழிவு தேங்கி நின்றால், ஜாயின்ட் விலகிக் கேமராவே போக முடியாவிட்டால். உறை தொய்வை நிமிர்த்தாது. அப்போதும் கெட்ட துண்டை மட்டும் தோண்டுங்கள். புதிதாகப் போடும்போது மேன்ஹோலை ஒட்டிச் சுமார் 600 மி.மீ. நீளத் துண்டுக் குழாய் ஒன்றை, இரு முனையிலும் ரப்பர் வளையத்தோடு வைக்கச் சொல்லுங்கள். மேன்ஹோல் கொஞ்சம் இறங்கினாலும் அந்தத் துண்டு சாய்ந்து கொடுக்கும், மூட்டு பிளக்காது.

வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த மழைக்காலம் வரை ஒரு பங்கை நிறுத்திவைத்து, அதே விடியற்காலை அரை மணி நேர அளவை மறுபடி எடுத்துப் பாருங்கள். 15 செ.மீ. ஏறிய இடத்தில் இரண்டு மூன்று செ.மீ. என்று வந்தால் மீதியைக் கொடுங்கள்.