புறப்பட்டதும் எஞ்சின் சக்தி இழந்தால் ஓடுதளத்துக்குத் திரும்பலாமா?

தனியார் விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெறும் வாசகர் ஒருவர், “மேலெழுந்த சற்று நேரத்தில் எஞ்சின் சக்தி இழந்தால் நேர் முன்னால்தான் இறங்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். பின்னால் நல்ல ஓடுதளம் இருக்கையில் ஏன் திரும்பக் கூடாது?” என்று கேட்டிருக்கிறார்.

பயிற்சியாளர் சொல்வதே சரி. 180 பாகை திரும்பினால் ஓடுதளத்துக்கு இணையாக, அதற்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்பீர்கள். அதன் நேர்க்கோட்டைப் பிடிக்க மேலும் திரும்பி, மறுபடி எதிர்த்திசையில் நிமிர வேண்டும். புறப்படும்போது எதிர்க்காற்றாக இருந்தது இப்போது பின்காற்றாகித் தரைவேகத்தையும் கூட்டிவிடும். இவற்றைவிடக் கொடியது, திருப்பத்தில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் தூக்குவிசையை இழக்கும் வேகம், உயர்வது. செஸ்னா 172எஸ் விமானத்தில் எஞ்சின் இல்லாமல் மிதந்திறங்க உகந்த வேகம் 68 நாட் (மணிக்கு 68 கடல் மைல்). நேராகப் பறக்கையில் ஏறக்குறைய 48 நாட் வேகத்தில் நேரும் ஸ்டால், 45 பாகைச் சாய்வில் 57 நாட் வேகத்திலும், 60 பாகைச் சாய்வில் அந்த 68 நாட் வேகத்திலேயேயும் நேர்ந்துவிடும். தரை நெருங்குவதைக் கண்டு பதறி மூக்கை உயர்த்துபவருக்கு, அந்த உயரத்தில் மீள இடமே இருக்காது.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சான்டா மோனிகாவிலிருந்து ஓட்டிச் சென்ற பழைய ரயன் விமானம், சுமார் 1,100 அடி உயரத்தில் சக்தி இழந்தது. எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டரில், எரிபொருளை அளந்துவிடும் துளையுள்ள ‘முதன்மை ஜெட்’ மரை கழன்று, எரிபொருள் கலவை அளவுக்கு மீறிச் செறிவானதே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. அவர் விமான நிலையத்தை நோக்கித் திரும்பத்தான் செய்தார். ஆனால் ஓடுதளம் எட்டாது என்று தெரிந்ததும் பிடிவாதம் பிடிக்காமல் கோல்ஃப் மைதானத்தில் இறங்கினார். காயங்கள் கடுமையானதற்குத் தோள்பட்டை வார் முறையாகப் பொருத்தப்படாததும் ஒரு காரணம். பறக்கும் முன் இருக்கை வாரைச் சோதிப்பதைச் சடங்காக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே, சக்தி குறைந்த கணமே மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். பிறகு, முன்னால் இரு பக்கமும் சுமார் 30 பாகைக்குள் தடையற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உயரம் அனுமதித்தால் மட்டுமே எரிபொருள் வால்வு, கலவை, கார்புரேட்டர் சூடாக்கி ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். தரை தொடுமுன் எரிபொருளையும் மின்சாரத்தையும் துண்டித்துக் கதவின் தாழைத் திறந்துவிடுங்கள்.

எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. பயிற்சியாளருடன் பாதுகாப்பான உயரத்துக்குச் சென்று, சக்தியைக் குறைத்து, திகைப்புக்கென நான்கு விநாடி விட்டு, அந்தத் திருப்பத்தைச் செய்துபாருங்கள். இழந்த உயரத்துடன் தாராளமாக ஒரு கூடுதலையும் சேர்த்து வரும் எண்ணை, ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.