வாசகர் கேள்வி: வேப்ப எண்ணெய்க்கும் அடங்காத சிலந்திப்பேன்

கேள்வி: கொடைக்கானல் மலையில் பசுமைக்குடில் அமைத்து, இயற்கை முறையில் ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டிருக்கிறேன். பிப்ரவரி முதல் இலைகளில் வெளிர்ப்புள்ளிகள் தோன்றிச் செம்பு நிறமாகின்றன. அடியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது. வேப்ப எண்ணெயைப் பதினைந்து நாள் இடைவெளியில் இருமுறை தெளித்தும் குறையவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள், இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உயிரியான இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேனுடையவை. மருந்தைக் குறை சொல்வதற்கு முன் இடைவெளியைப் பார்க்க வேண்டும். சுமார் 20 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாக இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும்; குடிலுக்குள் 30 டிகிரியை எட்டினால் பத்து நாளுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். தெளிப்புக்குத் தப்பிய முட்டைகள் பொரித்து, அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிட்ட பிறகுதான் உங்கள் இரண்டாம் தெளிப்பு வந்து சேர்கிறது. ஆகவே ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை தெளியுங்கள்.

அடுத்தது, தெளிக்கும் விதம். ஸ்ட்ராபெர்ரி இலை தரையோடு படர்ந்திருக்கும். பேனோ இலையின் அடியில் இருக்கும். மேலிருந்து பீய்ச்சினால் இலையின் மேற்பக்கம் நனையுமே தவிர, பேன் மேல் ஒரு துளியும் படாது. காய்ந்த, முதிர்ந்த இலைகளைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே அகற்றிவிட்டு, தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி, அடிப்பக்கம் சொட்டும் வரை நனையுங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி வேப்ப எண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, முதலில் நான்கைந்து செடிகளில் தெளித்து, இரண்டு நாள் பொறுத்து இலை கருகுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடரலாம். தேனீக்கள் அடங்கிய பின், மாலையில் தெளிப்பதே நல்லது. எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) தொடாதீர்கள், இலை வெந்துவிடும்.

புழுதியும் வறட்சியும் பேனுக்கு வாய்ப்பானவை என்பதால், வரப்பில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். கோழி எருவையும் மீன் அமிலத்தையும் (மீனை வெல்லத்தோடு ஊறவைத்த கரைசல்) அள்ளிக் கொடுப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: தழைச்சத்து மிகுந்த கொழுத்த இலையில்தான் பேன் வேகமாகப் பெருகும்.

கேள்வி: லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அதே இலையில் சில பேன்கள் மட்டும் வேகமாக ஓடின. அவையும் பயிரைக் கெடுப்பவைதானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. சிலந்திப்பேன் மந்தமாக நகரும். முதுகின் இரு பக்கத்திலும் கரும்புள்ளி இருக்கும். முட்டை உருண்டையாக இருக்கும். ஓடுபவை பேரிக்காய் வடிவில் மினுமினுப்பாகவும், அவற்றின் முட்டை சற்றே நீள்வட்டமாகவும் இருந்தால், அவை சிலந்திப்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்கள். கடுகினும் சிறிய கறுப்பு வண்டு தென்பட்டால் அதுவும் நம் பக்கம்தான். பத்துச் சிலந்திப்பேனுக்கு ஓர் இரைவிழுங்கி என்ற அளவில் கண்ணில் பட்டால், அந்தப் பாத்தியில் தெளிப்பை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு மீண்டும் எண்ணிப் பாருங்கள்.