தையல் லைனில் வீடியோ பயிற்சி: கேட்டவையும் என் பதில்களும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன், பிறகு டெய்லரானேன். இப்போது புது ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. எஸ்ஓபியை, அதாவது ஒரு வேலையை இன்ன முறையில்தான் செய்ய வேண்டும் என்று வகுத்து வைத்திருப்பதை, வீடியோ எடுத்துக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, 30 மெஷின் வைத்து பவர் டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் யூனிட்) நடத்துகிறேன். எஸ்ஓபி எல்லாம் ஃபைலில் தூங்குகிறது. மொத்தத்தையும் வீடியோவாக்கிவிடலாமா?

மொத்தத்தையும் வேண்டாம் தம்பி. செக்கிங் டேபிளில் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த வேலையில் ஆல்டரேஷன், அதாவது சரிசெய்ய வேண்டிய பீஸ், அதிகமாகத் திரும்பி வருகிறது என்று எழுதுங்கள். முதல் வீடியோ அந்த வேலைக்குத்தான்.

நான் முதலில் எடுத்தது ஒரு டி-ஷர்ட் முழுவதையும் காட்டும் 22 நிமிட வீடியோ. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் மறுநாள் மெஷினில் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில் இல்லை. இப்போது ஒரு வீடியோவில் ஒரு வேலைதான், அதுவும் இரண்டு நிமிடத்துக்குள்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்னதான் காட்டுவது?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வட்டக் கழுத்துக்கு ரிப் (கழுத்துப் பட்டியாக வைக்கும், இழுபடும் துணி) வைப்பதை எடுத்துக்கொள்வோம். 'ரிப்பைப் பாடியோடு சேர்த்து ஓவர்லாக் அடிக்கவும்' என்று ஃபைலில் ஒரே வரி இருக்கும். பாடி என்பது டி-ஷர்ட்டின் உடல் துணி, ஓவர்லாக் என்பது ஓரம் பிரியாமல் சேர்க்கும் தையல். கழுத்தின் சுற்றளவைவிட ரிப் சிறியது. அதனால் தைக்கும்போது ரிப்பை மட்டும், எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுத்துக் கொடுக்க வேண்டும். பாடியை இழுத்துவிட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும். ரிப்பை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுத்தால் கழுத்து ஒரு பக்கமாகக் கோணிப்போகும்.

ஆக, வீடியோவில் மூன்று விஷயங்கள் வேண்டும்: என்ன செய்கிறோம், எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன். அந்த 'ஏன்' வரும்போது அலையடித்த கழுத்துள்ள பீஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். ஆனால் தப்பாகத் தைப்பதை நடித்துக் காட்ட வேண்டாம். சத்தம் இல்லாமல் பார்ப்பவர் அதையே சரியான முறை என்று எடுத்துக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேமராவை எங்கே வைப்பது?

தைப்பவரின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே. எதிரே நின்று எடுத்தால் இடது கை வலது பக்கம் தெரியும், புது ஆள் குழம்பிப்போவார். அவர் மெஷினில் உட்காரும்போது தன் கைகளை எப்படிப் பார்ப்பாரோ, திரையிலும் அப்படியே தெரிய வேண்டும். முதலில் வழக்கமான வேகத்தில் ஒரு பீஸ், அடுத்து மெதுவாக ஒன்று.

வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. போன் சரியில்லையா?

போனில் குறை இருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மெஷின் விளக்கு அதற்கேற்ப மினுங்கும், போன் வேறு கணக்கில் படம் பிடிக்கும். கேமராவின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். பேச்சை அங்கேயே பதிவு செய்யாதீர்கள், மெஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பிறகு அமைதியான அறையில் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்க்காரர்கள். சப்டைட்டில் போட்டால் போதுமா?

போதாது. கையைப் பார்க்கும் கண்ணால் எழுத்தையும் எப்படிப் படிக்க முடியும்? ஒரே படத்துக்கு ஒடியாவில் ஒரு குரல், இந்தியில் ஒரு குரல் கொடுங்கள். அதை உங்கள் லைனில் இருக்கும் ஒடியா டெய்லரையே பேசச் சொல்லுங்கள். ஓவர்லாக், பண்டில் (துணிக் கட்டு), ஃபுட் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) எல்லாம் லைனில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே வரும். மொழிபெயர்ப்பு ஆப் கொடுக்கும் சொல் ஷெட்டுக்குள் யாருக்கும் புரிவதில்லை.

நன்றாகத் தைக்கும் அக்கா ஒருவர் வீடியோவுக்கு வர மறுக்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி வாங்கி, வேலை செய்பவர் வேகமாகத் தைப்பதைப் படம் பிடித்து, 'இவ்வளவு சுலபமா?' என்று ரேட்டைக் குறைத்துவிட்டால் என்ன செய்வார்? இது புதுப் பயமும் இல்லை. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1912 வாக்கில் தொழிற்சாலை வேலையைப் படம் பிடித்தபோதே, நேரத்தை அளக்க ஒரு கடிகாரத்தையும் படத்துக்குள் வைத்தார்கள். வேலைக் கேமரா என்றாலே கடிகாரமும் கூட வரும் என்று தொழிலாளிக்குத் தோன்றுவது இயல்பு.

அதனால் பயிற்சி வீடியோவை நேரக் கணக்குக்கும் ரேட்டுக்கும் பயன்படுத்த மாட்டோம் என்று முதலாளி எழுதியே கொடுக்கட்டும். கையை மட்டும் எடுங்கள், முகம் வேண்டாம். எடுத்ததை அவருக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். படம் எடுக்கும் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள். பீஸ் ரேட் ஆளுக்கு அரை மணி நேரம் சும்மா போனால் அது அவர் வீட்டுப் பணம். இதெல்லாம் செய்தும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வீடியோ பார்த்ததும் கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சித் திட்டம் இருந்தது. அதில் வேலை கற்றுக்கொடுக்க நான்கு படிகள்: ஆளைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்ய விடுவது, பிறகும் போய்ப் பார்ப்பது. வீடியோ இரண்டாவது படிக்குத்தான் உதவும். மற்ற மூன்றுக்கும் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். புது ஆள் தைத்துக்கொண்டே 'இங்கே ரிப்பை இழுக்கிறேன், ஏன் என்றால்...' என்று தானே சொல்லும்வரை நான் கையெழுத்துக் கேட்பதில்லை.

தரத்தைச் சோதிக்க வரும் ஆடிட்டர் வீடியோவை ஏற்பாரா?

ஐஎஸ்ஓ 9001:2015 என்ற தர நிர்வாகத் தரநிலை, ஆவணம் எந்த வடிவத்திலும் இருக்கலாம் என்கிறது. ஆனால் திருத்த எண்ணும் தேதியும் முதல் காட்சியிலேயே தெரிய வேண்டும். முறை மாறிய அன்றே பழையதை எடுத்துவிடுங்கள். மெஷினில் ஒட்டிய கியூஆர் கோடு வழியாகப் பார்க்க வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பழைய வீடியோ யார் யார் போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஊசி உடைந்தால் செய்ய வேண்டியதற்கும் வீடியோ வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். மெஷினை நிறுத்துவது, எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ரெஜிஸ்டரில் ஒட்டுவது, அதற்கப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும் அந்த பண்டில் தனியாகப் போய் மெட்டல் டிடெக்டரில் பார்க்கப்பட வேண்டும். அது குழந்தை போடும் உடுப்பாக இருக்கலாம். உடைத்தவரைத் திட்டமாட்டோம் என்பதையும் வீடியோவிலேயே சொல்லுங்கள். திட்டு விழும் லைனில் துண்டு குப்பைக்குத்தான் போகும்.

அக்கா, நான் புதிதாகச் சேர்ந்த டெய்லர். வீடியோ பத்து முறை பார்த்தும் கை வரவில்லை.

பார்த்தது போதும்மா. வெட்டுத்துணி கொஞ்சம் கேட்டு வாங்கி, மெதுவாக ஓட்டிப் பழகு. அப்புறம் பத்துக் கழுத்து அடி. பத்தையும் வரிசையாக வைத்து, லைனில் பழையவர் ஒருவரைக் கூப்பிட்டு, எது சரி, எது அலை என்று நீயே முதலில் சொல். அதற்குப் பிறகு அந்த வீடியோவை ஒரு தடவை பார். முன்பு கண்ணில் படாமல் போன இடம் அப்போது தெரியும்.