வாசகர் கேள்வி–பதில்: கொதிக்கும் பழைய கார்கள்

கேள்வி: என்னுடையது 1972 மார்க் 2 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இஞ்சின். ஊருக்குள் எவ்வளவு நெரிசலில் நின்றாலும் சூடு ஏறுவதில்லை. நெடுஞ்சாலையில் 70-ஐத் தாண்டி அரை மணி நேரம் ஓட்டினால் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடுகிறது. ரேடியேட்டரை ராடு விட்டுச் சுத்தம் செய்தாயிற்று, வாட்டர் பம்ப் புதிது. இப்போது ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: பொறுங்கள். நெரிசலில் சூடாகி, வேகமெடுத்ததும் தணிந்தால் ஃபேன், பெல்ட், காற்றோட்டம் பக்கம் பார்க்க வேண்டும். உங்களுக்கு நேர் எதிர். 70 கி.மீ. வேகத்தில் ஃபேனே இல்லாவிட்டாலும் காற்று தானாக வரும். ஆகவே தண்ணீர் ஓட்டத்திலோ, இஞ்சின் எரிக்கும் விதத்திலோதான் கோளாறு.

முதலில் முள் பொய் சொல்கிறதா என்று பாருங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) மூடிமேல் காட்டுங்கள். பளபளப்பான உலோகத்தில் அது குறைவாகக் காட்டும் என்பதால் அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். 85–95 டிகிரி என்றால் இஞ்சின் நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டருக்கு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உள்ள வண்டிகளில் அது கெட்டால் சூட்டு முள்ளும் பெட்ரோல் முள்ளும் சேர்ந்தே ஏறும். டேங்க் பாதி இருக்கும்போது முழுசாகக் காட்டினால் திருடன் அங்கேதான்.

சூடு உண்மையென்றால் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். இஞ்சின் சூடான பிறகு ஒருவரை ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஃபேனிலிருந்து தள்ளி நின்று கவனியுங்கள். ஹோஸ் நடுவில் சப்பையாக ஒட்டினால் வேகமெடுக்கும்போதெல்லாம் தண்ணீர் ஓட்டம் நெரிபடுகிறது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹோஸ் போடுங்கள். அதற்குப் பிறகும் சுருங்கினால்தான் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம். பலரும் கூலிங் சிஸ்டத்தையே சுற்றிச் சுற்றி வந்து இதை விட்டுவிடுகிறார்கள். தீப்பொறி தாமதமானால் எரிதலும் தாமதமாகி, பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இறங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வேக்குவம் குழாயின் கார்புரேட்டர் முனையை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடையுங்கள். பாயின்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். உடனே திரும்பினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பிறகு ரோட்டரைக் கையால் கொஞ்சம் திருகி விடுங்கள், ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்கூட்டும் உள் எடைகள் துருவேறி இறுகியிருக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

மூன்றாவது, பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள இஞ்சின் உடல்) சேறு. ஐம்பது வருடம் போர்வெல் தண்ணீர் குடித்த வார்ப்பிரும்பு பிளாக் இது. துருவும் சுண்ணாம்பும் பம்புக்கு எட்டாத தூரத்தில், அதாவது 4-ம் சிலிண்டரைச் சுற்றிப் படியும். பிளாக்கின் பின்பக்கம் கீழே இருக்கும் வடிகால் குழாயை ஆறிய இஞ்சினில் திறந்து பாருங்கள். தண்ணீர் பீய்ச்ச வேண்டும். சொட்டினாலோ, கம்பி விட்டுக் குத்தினால்தான் வந்தாலோ, பக்கவாட்டு வெல்ஷ் பிளக்குகளை (பிளாக்கின் ஓட்டைகளை அடைக்கும் தகட்டு மூடிகள்) கழற்றிக் கம்பியால் தோண்டி, ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவ வேண்டும். கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள். பித்தளையில் புதிது வாங்குங்கள், துருப் பிடிக்காது.

மிச்சமிருக்கும் சுண்ணாம்புக்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம். சூடான நிலையில் 20–30 நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு வடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து ஒருமுறை ஓட்டி, மறுபடி கழுவுங்கள். இரவு முழுக்க ஊறவிடக் கூடாது. துருவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும் வண்டியில் இதற்குப் பிறகு ஒழுக ஆரம்பிக்கலாம்; அந்த ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான்.

கேள்வி: சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார் மெக்கானிக். நம் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்கிறார். (சேலம்)

பதில்: தேவை. அது இல்லாத இஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். அதுவரை சிலிண்டர் தேய்மானமும் பெட்ரோல் செலவும் அதிகம், ஆயிலில் ஈரம் சேர்ந்து கசடாகும். நம் ஊருக்கு 74 டிகிரியில் திறப்பது நல்லது, 82-ம் பரவாயில்லை. வாங்கியதும் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு காய்ச்சிப் பாருங்கள். அதில் எழுதியிருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்கி, மேலும் 10–15 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். புதிதிலும் திறக்காதது வரும். தட்டில் காற்று வெளியேறும் சிறு துளை இல்லாவிட்டால் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினியில் ஊட்டி ஏறும்போது கொதித்து ஆவி வந்தது. உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கிளம்பிவிட்டோம். அன்றிலிருந்து வாரம் அரை லிட்டர் குறைகிறது, வெளியே கசிவு தெரியவில்லை. (கோவை)

பதில்: ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பத்மினியின் 1089 சிசி இஞ்சினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். கொதிக்கும் அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். இனி அப்படி நேர்ந்தால் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மூடியைக் கனத்த துணி போட்டு முதல் படிவரை மட்டும் திருகி அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு இஞ்சின் ஓடும்போதே வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

உறுதி செய்ய, காலையில் ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் முன்பே குமிழி இடைவிடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீரில் கலக்கிறது. கம்ப்ரஷன் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் குறைவாகக் காட்டக்கூடும். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் வண்டியை இனி ஓட்டவே வேண்டாம்.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட் மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேர்ப்பட்டையை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.05 மி.மீ. இலை நுழைந்தால் லேத்தில் மட்டம் செய்ய வேண்டும், தேவைக்கு மேல் ஒரு துளிகூடச் சீவக் கூடாது. சீவச் சீவக் கம்ப்ரஷன் ஏறி, இஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். விரிசலுக்குப் பிரஷர் டெஸ்ட்டும் செய்யுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சில நூறு கி.மீ. ஓடியபின் ஆறிய நிலையில் மறுபடி பார்த்து, வால்வு இடைவெளியையும் சரிசெய்யுங்கள்.

ஏன் மலையில் மட்டும் கொதித்தது? ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்தால் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் ஒன்றரை டிகிரி போலக் கொதிநிலை உயரும். ரப்பர் காய்ந்த மூடி சமதளத்தில் பிடிபடாது, மலையில் காட்டிக்கொடுக்கும். பழைய மூடியில் 4 என்றோ 7 என்றோ எழுதியிருந்தால் அதையே வாங்குங்கள். புதிய கார்களின் 13 பவுண்டு மூடியைப் போட்டால் பழைய பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுவிடும். தண்ணீரும் வெறும் தண்ணீர் வேண்டாம்: டிஸ்டில்டு வாட்டர் 70, கூலன்ட் 30. உறைபனி இல்லாத ஊருக்கு இது போதும், கூலன்ட் கூடினால் வெப்பம் கடத்துவது குறையும். சிட்ரிக் ஆசிட் வைத்தியம் உங்கள் அலுமினிய ஹெட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: அம்பாசடரில் தினமும் கழுத்துவரை நிரப்புகிறேன். ஒரு டம்ளர் வெளியே போய்விடுகிறது. எங்கே ஓட்டை? (நாகர்கோவில்)

பதில்: ஓட்டை இல்லை. உபரித் தொட்டி இல்லாத ரேடியேட்டரில் தண்ணீர் சூடாகி விரிய இடம் வேண்டும். அது இல்லாததால் வெளியே துப்புகிறது. ஓரங்குலம் கீழே நிறுத்தி ஒரு வாரம் ஊற்றாமல் பாருங்கள். அதற்கும் கீழே இறங்கினால் எழுதுங்கள்.

கேள்வி: டீக்கு நிறுத்திவிட்டு வந்தால் பத்து நிமிடம் ஸ்டார்ட் ஆவதில்லை. முள் நடுவில்தான் இருக்கிறது. (புதுச்சேரி)

பதில்: இது வேப்பர் லாக். நிறுத்தியதும் ஃபேனும் தண்ணீரும் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் வெப்பம் ஏறி, பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிறது. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வண்டிகளில் கலவையையும் மெலிதாக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சற்றுப் பெரிதாக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் மானிஃபோல்டிலிருந்து தள்ளிக் கட்டி, இடையில் ஒரு தகடு மறைப்பு வையுங்கள். நிறுத்தியதும் பானெட்டைத் திறந்துவிட்டு டீ குடியுங்கள்.